‘ஆடிட்’ என்றால் கேட்பது!

‘ஆடிட்’ என்றதும் கணக்கைப் பார்ப்பது என்றே நினைக்கிறோம். ஆனால் அதன் மூலச்சொல்லான லத்தீன் ‘ஆடிரே’வுக்குக் ‘கேட்டல்’ என்பதே பொருள். ஆடியோவும் ஆடிட்டோரியமும் அதன் உறவுகள். எழுத்தறிந்தோர் குறைவாக இருந்த காலத்தில் இங்கிலாந்துப் பண்ணைகளில் கணக்கை உரக்கப் படிப்பார்கள். காதால் கேட்டுச் சரிபார்ப்பார்கள்.

தமிழில் ‘கேள்’ என்பது செவிமடுப்பதையும் வினவுவதையும் குறிக்கும். ‘கணக்குக் கேட்டார்’ என்கிறோம் அல்லவா?

நம் காலத்திலும் இது பலித்தது. 1994இல் ராஜஸ்தான் கிராமங்களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் கூலிப் பட்டியலை ஊர் நடுவே வாசித்தது. வேலையே செய்யாதவர் பெயரிலும் கூலி எழுதப்பட்டது அம்பலமானது.

தானா ராத்தா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போதும் சரி, கோயில் ஆண்டுக்கூட்டத்திலும் சரி, கணக்கை வாசிக்கச் சொல்லுங்கள். முதலில் காதால் கேளுங்கள். பிறகு வாயாலும் கேளுங்கள்.