புயல் கூண்டு – 6: போனவனுக்கு யார் சொல்வது?

துறைமுகக் கம்பத்தில் ஏற்றும் கூண்டுகளைப் பற்றிப் போன வாரம் பார்த்தோம். கூண்டு கரையில் நிற்பவன் கண்ணுக்குத் தெரியும். இந்த வாரக் கதை, அந்தக் கம்பமே தெரியாத தூரத்தில் நடந்தது.

2017 நவம்பர் 29. இலங்கைக்குத் தென்கிழக்கே ஒரு தாழ்வு மண்டலம் உருவானது. தென் தமிழகக் கடலோரத்தில் மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று வானிலைத் துறை அன்றே அறிவித்தது. மறுநாள் காலையில் குமரிக் கடலில் அது புயலாகிவிட்டது. பெயர் ஒக்கி. வங்கதேசம் வைத்த பெயர். ‘கண்’ என்று அர்த்தமாம்.

‘செல்ல வேண்டாம்.’ வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியவனை நிறுத்த அந்த இரண்டு சொல் போதும். போன வாரமே கிளம்பிப் போனவனுக்கு அதில் ஒரு சேதியும் இல்லை.

குமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று ஒட்டி ஒட்டி ஊர்கள். அங்கே பலருக்கு ஆழ்கடல்தான் தொழில். சுறாவுக்கும் சூரைக்கும் போகும் விசைப்படகில் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். அரிசி, ஐஸ், டீசல் எல்லாம் ஏற்றிக்கொண்டு போனால் திரும்ப ஒரு மாதம்கூட ஆகும். கரையை விட்டுப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனதும் செல்போன் டவர் போய்விடும். அதற்கப்புறம் வயர்லெஸ் பெட்டிதான். அது பேசுவதும் பக்கத்துப் படகு வரைக்கும்தான். ஒரு படகு கேட்டு இன்னொன்றுக்குச் சொன்னால் செய்தி கைமாறும். நடுவில் ஒரு படகு இல்லையென்றால் சங்கிலி அங்கேயே அறுந்தது. ஊரில் கோயில் மைக்கில் எத்தனை தடவை கூவினாலும் அந்தச் சத்தம் அலைவாய் தாண்டாது.

ஒரு சின்னக் கணக்கு. பாரம் ஏற்றிய விசைப்படகு மணிக்கு 14, 15 கிலோமீட்டர் ஓடினால் பெரிது. 400 கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் படகு கரைக்கு வர முழுதாக ஒரு நாளுக்கு மேல் வேண்டும். தாழ்வு மண்டலம் புயலாக மாறுவதற்கு ஒக்கி எடுத்துக்கொண்டதே சுமார் ஒரு நாள்தான். தகவல் உடனே கிடைத்து, அந்த நிமிஷமே படகைத் திருப்பியிருந்தாலும் பலர் தப்பியிருக்க முடியாது. அதோடு, புயல் லட்சத்தீவுப் பக்கம் நகர்ந்தது. வீட்டைப் பார்த்து ஓடியவன் அதன் வாய்க்குள்ளேயே ஓடியிருக்கவும் கூடும். ஆகவே ‘திரும்பி வா’ என்பதும் பத்தாது. எந்தத் திசையில் விலகுவது, எந்தத் துறைமுகம் கிட்டம் என்பதைச் சொல்ல வேண்டும்.

கரையில் வாழையும் ரப்பரும் முறிந்து கிடந்ததைத் தொலைக்காட்சிகள் காட்டிக்கொண்டிருந்தன. கடலுக்குள் என்ன நடந்தது என்பது மெல்லத்தான் தெரிந்தது. தமிழகம், கேரளம் இரண்டிலும் சேர்த்து இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் இருநூறுக்கும் மேல். தேடலைத் தீவிரப்படுத்தச் சொல்லி, குழித்துறை ரயில் நிலையத் தண்டவாளத்தில் ஊர் ஊராக வந்து உட்கார்ந்தார்கள்.

அதற்குப் பிறகு புதுக் கருவிகள் வந்தன. 2019 அக்டோபரில் ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸின் ‘ஜெமினி’ வந்தது. ககன் செயற்கைக்கோள்கள் வழியாக வரும் செய்தியை ஒரு சின்னப் பெட்டி வாங்கி, புளூடூத்தில் படகோட்டியின் போனுக்குத் தள்ளும். டவரே இல்லாத கடலில் இது பெரிய விஷயம்தான். ஆனால் கரை சொல்லும், கடல் கேட்கும், அவ்வளவே. ‘எஞ்சின் நின்றுபோச்சு’ என்று பதில் போட அதில் வழி கிடையாது. 2024 ஆகஸ்டில் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் இருபக்கமும் செய்தி போகும் டிரான்ஸ்பாண்டர்கள், ஒரு லட்சம் படகுகளுக்கு இலவசமாக என்று அறிவிப்பு வந்தது.

பெட்டி சரி, அதில் வரும் வாசகம்? ‘மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் சூறைக்காற்று வீசக்கூடும்’ என்பது மீனவர் காதில் வருஷம் முழுக்க விழுகிற வாசகம். அதைக் கேட்டதும் திரும்ப வேண்டுமென்றால் வட்டிக்கு வாங்கிப் போட்ட டீசலும் ஐஸும் வீண். எத்தனை தடவைதான் திரும்புவான்? அவனை அலட்சியக்காரன் என்று ஏசுவோருக்கு அந்த டீசல் பில்லை ஒரு தடவை காட்ட வேண்டும். திருவனந்தபுரம் கடலோரத்தில் ‘ரேடியோ மான்சூன்’ என்ற முயற்சியில் ஆய்வாளர்கள் மீனவர்களோடு உட்கார்ந்து, அவர்களுக்குப் புரிகிற மலையாளத்தில் முன்னறிவிப்பைச் சொல்லிப் பார்த்தார்கள்.

நம் பக்கத்திலும் ஒரு வானொலி இருக்கிறது. அடுத்த வாரம் பாம்பனுக்குப் போய், 90.4-இல் ‘கடல் ஓசை’ கேட்போம்.