ஆர்.சி. பள்ளியில் நம் பிள்ளை: வகுப்பறையில் நடப்பது என்ன?

ஜூன் மாதம் நெருங்கினாலே மக்தப் வாசலில் பெற்றோர் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஹள்ரத், வீட்டுக்குப் பக்கத்தில் ஆர்.சி. பள்ளிதான் இருக்கிறது. பாடம் நன்றாக நடத்துகிறார்கள். ஆனால் ஜெபம் சொல்லச் சொல்வார்களே, பிள்ளையைச் சேர்க்கலாமா?"

'கூடும்', 'கூடாது' என்று ஒற்றைச் சொல்லில் இதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. ஐந்து வயதுப் பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியைப் பள்ளியில்தான் கழிக்கிறது. அங்கே என்ன நடக்கிறது என்று அறியாமல் சேர்த்துவிட்டுக் கவலைப்படுவதாலும் பயனில்லை. அறியாமலேயே அஞ்சி, பக்கத்தில் இருக்கும் நல்ல பள்ளியைப் பிள்ளைக்கு இல்லாமல் ஆக்குவதாலும் பயனில்லை. எனவே முதலில் அந்த வகுப்பறையைத் தெரிந்துகொள்வோம்.

பள்ளி திருச்சபையுடையது, பாடம் அரசுடையது

தமிழகத்தில் கத்தோலிக்கத் திருச்சபை நடத்தும் தொடக்கப் பள்ளிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கட்டணம் வாங்கும் தனியார் பள்ளி. மற்றொன்று, அரசு உதவி பெறும் பள்ளி. ஊர்களில் 'ஆர்.சி. தொடக்கப் பள்ளி' என்று பெயர்ப்பலகை தாங்கி நிற்பவற்றில் பல இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. நாம் இங்கே பேசுவது இவற்றைப் பற்றித்தான்.

இந்தப் பள்ளிகளின் தாளாளர் பெரும்பாலும் பங்குத்தந்தையாகவோ அருட்சகோதரியாகவோ இருப்பார். ஆனால் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் உள்ள ஆசிரியர்களுக்குச் சம்பளம் தருவது அரசு. பாடநூலும் அரசு பாடநூல்தான். 2010ல் தொடங்கிய சமச்சீர் கல்விக்குப் பின் அரசுப் பள்ளிப் பிள்ளை படிக்கும் அதே தமிழும் கணக்கும் சூழ்நிலையியலும்தான் இங்கேயும். 2012-13ல் வந்த முப்பருவ முறையும் அப்படியே: வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 மதிப்பெண். ஆகவே 'பாடத்துக்குள்ளேயே மதத்தைப் புகுத்துவார்களோ' என்ற அச்சத்துக்கு, பாடநூலைப் பொறுத்தவரை, இடமில்லை.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமும் இங்கு வந்துவிட்டது. 2024 ஜூலையில் ஊரகப் பகுதி உதவி பெறும் பள்ளிகளுக்கு அது விரிந்தபோது, திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் உள்ள புனித அன்னாள் தொடக்கப் பள்ளியில்தான் தொடக்க விழா நடந்தது. 2025 ஆகஸ்டில் நகர்ப்புறப் பள்ளிகளுக்கு விரிந்தபோது மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளியில் நடந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார் என்று காலை உணவு சைவமாகவே இருப்பதால் ஹலால் குறித்த கேள்வியும் எழுவதில்லை.

வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது?

'போன நேரமெல்லாம் பாட்டும் ஆட்டமுமாக இருக்கிறது, எப்போது படிக்கிறார்கள்?' என்று சில தாய்மார்கள் குறைபடுகிறார்கள். அந்தப் பாட்டும் ஆட்டமும்தான் இப்போது பாடம்.

2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007-08ல் மாநிலம் முழுவதும் பரவியது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். அவர்களின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரெங்கும் கரும்பலகை வந்தது. தலைக்கு மேல் கம்பிப்பந்தல் கட்டி, பிள்ளைகள் வரைந்ததையும் எழுதியதையும் தொங்கவிட்டார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தனக்குரிய அட்டையை எடுத்து, ஏணிப்படியில் ஏறுவதுபோல் படிப்படியாக முன்னேறியது.

கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் எழுத்தும் எண்ணும் மறந்துபோன பிள்ளைகளுக்காக 2022ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை, பிறகு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும். இதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரித்துப் பயிற்சி தருகிறார்கள். எழுத்தே தெரியாத பிள்ளை அரும்பு. வகுப்புக்குரிய பாடத்தைப் படிக்கக்கூடிய பிள்ளை மலர். அரும்பில் இருக்கிறது என்பதற்காகப் பிள்ளையை வீட்டில் கடிந்துகொள்ள வேண்டாம். அது மதிப்பெண் அன்று. எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று ஆசிரியருக்குக் காட்டும் அடையாளம். வகுப்பறையிலேயே கதைக்களம், பாடல்களம், படித்தல் களம் என்று மூலைகள் ஒதுக்கி, விரல் பொம்மையும் மின்னட்டையும் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பத்துக் குச்சிகளைக் கட்டி ஒரு 'பத்து' ஆக்கி, மீந்தவற்றை 'ஒன்று'களாக வைத்து எண்ணச் சொல்கிறார்கள். கையால் கட்டிப் பார்த்த பிள்ளைக்கு 23 என்பது இரண்டு கட்டும் மூன்று குச்சியும் என்று விளங்கிவிடுகிறது.

இப்படிப் பொருளைத் தொட்டுக் கணக்குக் கற்பதற்கு உலகளவில் வழிகாட்டியவர்களில் ஒருவர் மரியா மாண்டிசோரி. இத்தாலியக் கத்தோலிக்கப் பெண்மணி, மருத்துவர். 1907ல் ரோம் நகரத்து ஏழைக் குடியிருப்பில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். 1939ல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்.

மக்தபுக்கும் இதற்கும் தூரமில்லை

இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, எல்லாருக்கும் ஒரே பாடத்தை ஒரே நேரத்தில் நடத்தும் முறையை ஐரோப்பாவில் பரவலாக்கியவர்களுள் முக்கியமானவர் ஜான் பாப்டிஸ்ட் டி லா சால் என்ற பிரெஞ்சுக் கத்தோலிக்கப் பாதிரியார் (1651-1719). அதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையாக ஆசிரியர் முன் வந்து பாடம் ஒப்பிக்கும் முறையே அங்கு இருந்தது. ஏழைப் பிள்ளைகள் பலருக்கு ஒரே ஆசிரியர் கற்பிக்க வேண்டியிருந்ததால் அவர் வகுப்புமுறையைக் கையாண்டார். வாசிப்பையும் லத்தீனில் தொடங்காமல் பிள்ளைகளின் தாய்மொழியில் தொடங்கினார்.

ஒவ்வொரு பிள்ளையாக வந்து பாடம் கொடுப்பதை நம் மக்தப் இன்றுவரை விடவில்லை. ஒரு பிள்ளை அலிஃப், பாவில் இருக்கும். பக்கத்தில் இருப்பது யாசீனில் இருக்கும். அதனதன் வேகத்தில் அது முன்னேறும். இன்றைய வகுப்பறை அரும்பு, மொட்டு, மலர் என்று தேடிச் செல்வதும் இதைத்தான். ஆனால் பாட்டு, படம், அட்டை, விளையாட்டு என்று அந்த வகுப்பறை சேர்த்துக்கொண்டவற்றை நம் மக்தப் இன்னும் போதிய அளவு சேர்த்துக்கொள்ளவில்லை. காலையில் சிரித்துக்கொண்டே பள்ளிக்கு ஓடும் பிள்ளை மாலையில் மக்தபுக்கு அழுதுகொண்டு வருகிறது என்றால், பிள்ளையைக் குறைசொல்வதற்கு முன் உஸ்தாதுமார்களாகிய நாம் யோசிக்க வேண்டும்.

பிற சமயத்தவரிடம் எழுத்தறிவு பெறுவது நமக்குப் புதிதன்று. பத்ருப் போரில் பிடிபட்ட மக்கத்துக் கைதிகளில் எழுதத் தெரிந்தவர்கள் மதீனாவின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதையே அவர்களின் விடுதலைக்கு ஈடாக நபி (ஸல்) அவர்கள் ஏற்றார்கள் என்பது நாம் அறிந்த வரலாறு.

ஜெபம், மறைக்கல்வி, குடில்

இனி, பெற்றோரின் உண்மையான கவலைக்கு வருவோம். காலைக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி இவற்றோடு பல ஆர்.சி. பள்ளிகளில் ஒரு ஜெபமும் இருக்கும். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு நடக்கும்போது மற்றப் பிள்ளைகளுக்கு நன்னெறி வகுப்பு நடத்துவது பல பள்ளிகளில் வழக்கம். டிசம்பரில் குடில் வைப்பார்கள், நட்சத்திரம் கட்டுவார்கள், நாடகம் போடுவார்கள்.

இவற்றில் எது எல்லாருக்கும் உரியது, எது அவர்களுக்கு மட்டும் உரியது என்று பிரித்தறிவதுதான் நம் வேலை. பொய் சொல்லாதே, பகிர்ந்து உண், பெரியோரை மதி என்னும் நன்னெறி எல்லாருக்கும் உரியது. சிலுவை அடையாளம் வரைவதும், ஜெபத்தை வாயால் சொல்வதும், வழிபாட்டில் பங்கெடுப்பதும் அவர்களின் சமயக் கடமை. அவற்றில் நம் பிள்ளை பங்கெடுப்பது மார்க்கத்தில் கூடாது. அமைதியாக நிற்பது மரியாதை. சேர்ந்து சொல்வது வழிபாடு. இந்த வேறுபாட்டை ஆறு வயதுப் பிள்ளைக்கும் புரியவைக்க முடியும்.

சட்டமும் இதையே சொல்கிறது. அரசு அங்கீகாரம் பெற்ற, அல்லது அரசு நிதி பெறும் கல்விக்கூடத்தில் நடக்கும் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ எந்த மாணவரையும் சம்மதமின்றிக் கலந்துகொள்ளச் செய்யக் கூடாது. சிறுவர் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 28(3) பிரிவு. 1986ல் கேரளத்தில், தேசிய கீதத்தின்போது எழுந்து மரியாதையாக நின்றும், தங்கள் சமய நம்பிக்கையின் காரணமாகப் பாடாமல் இருந்த மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கியது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

திருச்சபையின் நிலைப்பாடும் இதற்கு எதிரானதன்று. பிற சமய மாணவர்கள் மீது கிறிஸ்தவ மரபுகளைத் திணிக்கக் கூடாது, காலைக் கூட்டத்தில் அரசமைப்பின் முகப்புரையை வாசிக்க வேண்டும் என்று இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2024 ஏப்ரலில் தன் பள்ளிகளுக்கு வழிகாட்டுதல் அனுப்பியது. ஆகவே தலைமையாசிரியரிடம் நாம் பேசப் போவது சண்டைக்காக அன்று. அவர்களே ஏற்றுக்கொண்ட ஒன்றை நினைவூட்டத்தான்.

பெற்றோர் செய்ய வேண்டியவை

முதலாவது, சேர்க்கும் நாளிலேயே பேசுங்கள். "எங்கள் பிள்ளை ஜெப நேரத்தில் அமைதியாக நிற்கும், நன்னெறி வகுப்பில் உட்காரும்" என்று தலைமையாசிரியரிடம் பணிவாகச் சொல்லி, ஒரு கடிதமும் கொடுத்துவிடுங்கள். டிசம்பரில் பிள்ளைக்கு வானதூதர் வேடம் கொடுத்த பிறகு ஓடிப்போய்ச் சத்தம் போட்டால், ஒத்திகை பார்த்த பிள்ளைதான் மேடையோரம் அழுதுகொண்டு நிற்கும்.

இரண்டாவது, பிள்ளை பள்ளியில் கேட்டதை வீட்டில் சொல்லவிடுங்கள். "மேரி அம்மாவுக்குக் குழந்தை பிறந்தது" என்று கதை கொண்டுவரும் பிள்ளையின் வாயை அடைக்காதீர்கள். குர்ஆனின் 19ஆவது அத்தியாயத்துக்கே மர்யம் (அலை) அவர்களின் பெயர்தானே? ஈஸா (அலை) அவர்களின் பிறப்பை அங்கிருந்து எடுத்துச் சொல்லுங்கள். அவர்களை நாமும் நேசிக்கிறோம். ஆனால் அவர்கள் அல்லாஹ்வின் தூதர், மகன் அல்லர் என்பதை நிதானமாக விளக்குங்கள். வீட்டில் பதில் கிடைக்கும் பிள்ளை குழம்பாது. அதட்டி வாயடைக்கப்பட்ட பிள்ளை அடுத்த முறை எதையும் நம்மிடம் சொல்லாது.

மூன்றாவது, மக்தபை விடாதீர்கள். டியூஷன் வந்ததும் முதலில் நிறுத்தப்படுவது மக்தபாக இருக்கிறது. ஒரு மணி நேர மக்தபும் இல்லாத பிள்ளையின் ஈமானுக்குப் பள்ளியின் இரண்டு நிமிட ஜெபத்தைக் காரணம் சொல்வது நியாயமாகாது.

நான்காவது, ஆசிரியரின் மரியாதையைக் காப்பாற்றுங்கள். கைபிடித்து 'அ' எழுதவைத்த டீச்சரைப் பற்றிப் பிள்ளையின் காதுபட இழிவாகப் பேசினால், பிள்ளை அந்த டீச்சரிடம் கற்பதையும் நிறுத்திவிடும்; நம் நீதியுணர்வையும் சந்தேகிக்கும்.

கடைசியாக ஒன்று. சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி கல்விக்கூடங்களை நிறுவி நடத்தும் உரிமையை அரசமைப்பின் 30ஆவது பிரிவு கத்தோலிக்கருக்கு மட்டும் தரவில்லை, நமக்கும் தந்திருக்கிறது. பங்குக்கு ஒரு பள்ளி என்று அவர்கள் முயன்றதுபோல் மஹல்லாவுக்கு ஒரு தொடக்கப் பள்ளி என்று நாமும் முயன்றிருந்தால், பிற சமயப் பெற்றோரும் தம் பிள்ளைகளை நம்பி நம்மிடம் ஒப்படைக்கும் நிலை இன்னும் பல ஊர்களில் இருந்திருக்கும். பள்ளிவாசல் கட்ட வசூலிக்கும் ஜமாஅத்துகள், அடுத்த கூட்டத்தில் இதையும் ஒரு பொருளாக எடுத்துப் பேசட்டும்.