சேரங்கோடு தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளின் பராமரிப்பு

தேயிலைத் தோட்டக் குடியிருப்புப் பராமரிப்பு என்பது தோட்டத் தொழிலாளர் வாழும் வீடுகளையும், அவற்றைச் சூழ்ந்துள்ள நடைபாதை, வடிகால், குடிநீர்க் குழாய், மரங்கள், புதர்கள், மண்சரிவுகள் ஆகியவற்றையும் பேணும் பணிகளைக் குறிக்கும். நகரங்களில் இத்தகைய பணிகளை வீட்டு உரிமையாளர் சங்கங்கள் கவனிக்கின்றன. நீலகிரி மாவட்டம், பந்தலூர் வட்டத்தில் உள்ள சேரங்கோடு போன்ற தோட்டப் பகுதிகளில், தோட்ட வீடுகளில் வாழ்வோர் அவற்றின் உரிமையாளர் அல்லர். எனவே இப்பணி தோட்ட நிருவாகத்தின் கடமையாகச் சட்டத்தால் வரையறுக்கப்பட்டுள்ளது. மழை மிகுந்ததும் காட்டு விலங்குகளின் நடமாட்டம் உள்ளதுமான இப்பகுதியில், சுற்றுப்புறப் பராமரிப்பு அழகு சார்ந்ததாக மட்டுமன்றி உயிர்ப்பாதுகாப்பு சார்ந்ததாகவும் உள்ளது.

பின்னணி

சேரங்கோடு கூடலூர் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த ஓர் ஊராட்சியாகும். இதன் அருகே கேரளத்தின் வயநாடு மாவட்டம் அமைந்துள்ளது. இங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் தமிழ்நாடு அரசு நிறுவனமான தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்தின் (டேன்டீ) தோட்டங்களும் அடங்கும்.

1964 ஆம் ஆண்டு அக்டோபர் 30 அன்று இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சிறிமா-சாத்திரி ஒப்பந்தத்தின்படி, இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. இவ்வாறு தாயகம் திரும்பியோருக்கு வேலை வழங்கும் பொருட்டு 1968 இல் வனத்துறையின் கீழ் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டது. பின்னர் 1975 இல் அது கழகமாகப் பதிவு செய்யப்பட்டது. குன்னூர் இதன் தலைமையிடமாகும். தோட்டத்தில் வேலை பெற்ற குடும்பங்களுக்கு வீடும் தோட்டத்திலேயே வழங்கப்பட்டது. வேலையும் வீடும் ஒன்றாகப் பிணைந்த இந்த ஏற்பாடே இங்குள்ள பராமரிப்பு முறையின் அடிப்படையாகும்.

லைன் வீடுகள்

தொழிலாளர் வீடுகள் பெரும்பாலும் ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்தவை. இவை லைன் வீடுகள் எனப்படுகின்றன; கேரளத்தில் பாடி, லயம் என்னும் பெயர்களும் வழங்குகின்றன. வீடுகளுக்கிடையே பொதுச்சுவர் இருப்பதால் ஒரு வீட்டின் கூரை ஒழுகினால் அடுத்த வீடும் பாதிக்கப்படுகின்றது. குழாய், வடிகால், முற்றம் ஆகியவையும் பெரும்பாலும் பொதுவானவை. ஆகவே ஒரு குடும்பம் தனது வீட்டை மட்டும் செப்பனிடுவதால் முழுப் பயன் கிடைப்பதில்லை.

சட்டப் பொறுப்பு

1954 இல் நடைமுறைக்கு வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், 1951 இன் 15 ஆம் பிரிவு, தோட்டத்தில் வாழும் தொழிலாளருக்கும் அவர்தம் குடும்பத்துக்கும் வீடு வழங்கிப் பேணும் கடமையை வேலை வழங்குநர் மீது சுமத்தியது. குடிநீர், கழிப்பிட வசதி ஆகியவற்றுக்கும் அச்சட்டத்தில் தனிப் பிரிவுகள் இருந்தன.

1981 ஆம் ஆண்டின் திருத்தம், தோட்ட வீடு இடிந்து மரணமோ காயமோ நேர்ந்தால் வேலை வழங்குநர் இழப்பீடு தரவேண்டும் என்னும் விதியைச் சேர்த்தது. ஆயினும், இடிந்ததற்குக் குடியிருப்போரின் தவறோ இயற்கைப் பேரிடரோ மட்டுமே நேரடிக் காரணமாயின் இப்பொறுப்பு இல்லை. மலைப்பகுதியில் இவ்விலக்கு முக்கியத்துவம் உடையது. கனமழையில் சுவர் விழும்போது அது மழையால் விழுந்ததா, தூர்ந்த வடிகாலால் விழுந்ததா என்பதைப் பொறுத்தே பொறுப்பு அமைகின்றது.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அதன்பின் வீட்டு வசதி பற்றிய விதிகள் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் தொகுப்பு, 2020 இலும், வீடு இடிதலுக்கான இழப்பீடு சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, 2020 இலும் இடம்பெற்றுள்ளன.

முக்கியப் பணிகள்

வடிகாலும் மண்சரிவும்: சரிவை வெட்டிச் சமப்படுத்திய தளங்களில் லைன்கள் கட்டப்படுகின்றன. மேற்பகுதியில் இருந்து வரும் மழைநீர் வீட்டின் பின்புறச் சுவரை அடையாமல் திருப்பிவிடப்பட வேண்டும். தென்மேற்குப் பருவமழை சூன் மாதம் தொடங்குவதால், அதற்கு முன்பே வடிகால்களைத் தூர்வாருதல் தேவையாகின்றது. தடுப்புச் சுவர்களில் நீர் கசிந்து வெளியேறுவதற்கான துளைகளும் அடைபடாமல் இருக்கவேண்டும். 2024 சூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை பகுதிகளில் நேர்ந்த நிலச்சரிவில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளும் அழிந்தன.

புதர்கள்: தேயிலைச் செடி கவாத்து செய்யப்படாவிடில் மரமாக வளரும் இயல்புடையது. கைவிடப்பட்ட தேயிலையும் உண்ணிச்செடியும் அடர்ந்து வளர்ந்து விலங்குகளுக்கு மறைவிடமாகின்றன. 2024 சனவரியில் பந்தலூர் அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மூன்று வயதுக் குழந்தை சிறுத்தை தாக்கி இறந்தது. வீடுகளுக்கும் புதருக்கும் இடையே வெட்டவெளி ஒன்றைப் பேணுவதும், நடைபாதைகளில் விளக்கு அமைப்பதும் இத்தகைய ஆபத்தைக் குறைக்கும் வழிகளாகும்.

யானைகள்: வீட்டருகே உள்ள பலா, வாழை ஆகியவையும் வீட்டினுள் வைக்கப்படும் அரிசி, உப்பு ஆகியவையும் யானைகளை ஈர்க்கின்றன. பந்தலூர், தேவாலா பகுதிகளில் அரிசிக்காக வீடுகளை உடைத்துவந்த மக்னா யானை ஒன்று 2022 டிசம்பரில் பிடிக்கப்பட்டு முதுமலைக் காட்டில் விடப்பட்டது. பலாக்காய்களை முன்னரே பறித்து அகற்றுதலும் உணவுக் கழிவுகளை வெளியே கொட்டாதிருத்தலும் பராமரிப்பின் பகுதியாகக் கருதப்பட வேண்டியவை.

மரங்கள்: நிழலுக்காக நடப்பட்ட சில்வர் ஓக் மரங்கள் காற்றில் வீடுகளின் மீது விழக்கூடும். ஆயினும் தமிழ்நாடு மலைப்பகுதி (மரங்கள் பாதுகாப்பு) சட்டம், 1955 நடைமுறையில் உள்ள இடங்களில் மரம் வெட்டுவதற்கு முன் அனுமதி தேவை. எனவே ஆபத்தான மரங்களை மழைக்காலத்துக்கு முன்பே கண்டறிந்து விண்ணப்பித்தல் அவசியமாகும்.

உரிமையாளர் சங்கங்களுடன் ஒப்பீடு

சென்னை, கோயம்புத்தூர் போன்ற நகரங்களில் அடுக்குமாடிக் குடியிருப்பின் உரிமையாளர்கள் சங்கம் அமைத்து, சந்தா திரட்டி, பொது இடங்களைப் பேணுகின்றனர். 1994 ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்துக்கு மாற்றாக இயற்றப்பட்ட 2022 ஆம் ஆண்டின் சட்டம் 2024 இல் நடைமுறைக்கு வந்தது.

தோட்டக் குடியிருப்பில் இத்தகைய சங்கத்துக்கு அடிப்படையான சொத்துரிமை இல்லை. தொழிற்சங்கம் நிருவாகத்திடம் கோரிக்கை வைக்கலாம். ஆனால் பொது இடத்தைத் தானே நிருவகிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. மேலும் கூடலூர், பந்தலூர் பகுதிகளில் சென்மி நிலங்கள் தொடர்பான 1969 ஆம் ஆண்டின் ஒழிப்புச் சட்டத்தையொட்டிய வழக்குகள் நீண்டகாலம் நீடித்ததால், தோட்டத்துக்கு வெளியேயும் பட்டா பெற்று வீடு கட்டுவது பலருக்குக் கடினமாக இருந்துவருகின்றது.

சிக்கல்கள்

இம்முறையின் முதன்மைக் குறைபாடு, பராமரிப்பு தோட்டத்தின் வருவாயைச் சார்ந்திருப்பதாகும். தேயிலை விலை வீழ்ந்து தோட்டம் நலிவடையும்போது கூரையும் வடிகாலும் பிந்திப் போகின்றன. அதே வேளையில் கவாத்து நின்று புதர்களும் பெருகுகின்றன. அதாவது, பராமரிப்பு மிகவும் தேவைப்படும் காலத்திலேயே அது குறைகின்றது.

ஓய்வு பெற்றோரின் நிலை மற்றொரு சிக்கலாகும். வேலை முடிந்தால் வீட்டுரிமையும் முடிவதால், வீட்டைத் தக்கவைக்கும் பொருட்டே அடுத்த தலைமுறையினர் ஒருவர் தோட்ட வேலைக்குச் செல்லும் வழக்கம் தோட்டப் பகுதிகளில் காணப்படுகின்றது. 2022 இல் கழகத்தின் நிலத்தில் 2,000 எக்டேருக்கும் மேற்பட்ட பரப்பை வனத்துறைக்குத் திருப்பி அளிக்க அரசு ஆணையிட்டபோது, வேலையோடு வீடும் போய்விடுமோ என்னும் அச்சம் எழுந்தது. ஓய்வு பெற்ற தொழிலாளருக்கு வேறிடத்தில் வீடு வழங்கும் திட்டத்தையும் அரசு அவ்வாண்டில் அறிவித்தது.

இவற்றையும் பார்க்க

பந்தலூர்
தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்
சிறிமா-சாத்திரி ஒப்பந்தம்
மலையகத் தமிழர்