நோவும் அசைவும்

அடிபட்ட உறுப்பைக் கட்டி முடக்கி வைத்தால்தான் ஆறும் என்பது பாட்டி காலத்து எண்ணம். முறிந்த எலும்புக்கு அது பொருந்தும். சுளுக்குக்கும் தசைப்பிடிப்புக்கும் முதுகு நோவுக்கும் பெரும்பாலும் பொருந்தாது. எங்கே முடக்க வேண்டும், எங்கே அசைக்க வேண்டும் என்று பிரித்தறிவதே பிசியோதெரபி எனப்படும் இயன்முறை மருத்துவத்தின் தலையாய பணியாகும். 'இயலுதல்' என்பதற்குக் கூடுமாதல் என்று இன்று பொருள் கொள்கிறோம். பழந்தமிழில் அதற்கு நடத்தல் என்னும் பொருளும் உண்டு. இச்சொல்லை ஆக்கியோர் எதை எண்ணி ஆக்கினரோ, நடக்க வைத்து இயலச் செய்யும் மருத்துவத்திற்குப் பெயர் நன்றாகவே அமைந்துவிட்டது.

ஜொகூர் பாருவுக்குக் கிழக்கேயுள்ள பெர்மாஸ் ஜெயா போன்ற ஊர்களில் இதன் தேவை கண்கூடு. ஒரு புறம் பாசிர் கூடாங் துறைமுகமும் ஆலைகளும். மறு புறம் விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் கடற்பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்வோர் கூட்டம். பளு தூக்குவோர்க்கு முதுகு, கையுயர்த்தி வேலை செய்வோர்க்குத் தோள், சறுக்கி விழுந்தோர்க்கு மணிக்கட்டும் முழங்காலும் என்று நோவு ஆளுக்கோர் இடத்தில் குடியேறுகிறது. உடலுழைப்பே முதலாக உடையவன் ஆறு வாரம் முடங்கினால் குடும்பமே முடங்கும்.

முடக்கத்தால் விளையும் கேடு யாது? பயன்படாத தசை சில நாட்களிலேயே மெலியத் தொடங்குகிறது. மூட்டைச் சூழ்ந்த உறை சுருங்கி இறுகுகிறது. கிழிந்த தசைநாரில் புதிதாக உண்டாகும் இழைகள், இழுவிசை எத்திசையில் வருகிறதோ அத்திசையிலேயே வரிசைப்படுகின்றன. விசையே இல்லையெனில் அவை தாறுமாறாகப் பின்னிக்கொண்டு வலுவற்ற தழும்பாகின்றன. ஆகவே அளவறிந்து கொடுக்கும் சுமையே இங்கு மருந்து. ஓய்வு, பனிக்கட்டி, இறுக்கக்கட்டு, உயர்த்தி வைத்தல் என்னும் நான்கையும் 1978இல் ஒரு கட்டளைபோல் வகுத்தளித்தவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். பனிக்கட்டியும் முழு ஓய்வும் ஆறுதலைத் தாமதப்படுத்தக்கூடும் என்று 2014இல் அவரே எழுதினார். பனிக்கட்டி முதல் ஓரிரு நாள் நோவைத் தணிக்கும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்ப்பதற்கில்லை.

சுமையே மருந்தாவதற்குத் தக்க சான்று குதிகால் நரம்பு என்று மக்கள் வழங்கும் தசைநாரின் நோய். சுவீடனைச் சேர்ந்த ஆல்பிரட்சன் குழுவினர் 1998இல் ஓட்டப் பழக்கமுடைய பதினைவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தனர். படியின் விளிம்பில் நுனிக்காலில் நின்று குதிகாலை மெல்லக் கீழிறக்க வேண்டும். ஒரு வேளைக்குப் பதினைந்து பதினைந்தாக மூன்று முறை, நாளுக்கு இரு வேளை, 12 வாரம். நோவு சற்று இருந்தாலும் நிறுத்தவேண்டாம் என்பது அவர்கள் சொன்ன புதுமை. பதினைவரும் மீண்டும் ஓடினர்.

ஆயினும் பயிற்சி எல்லாவற்றிற்கும் சஞ்சீவி அன்று. 1995இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரப் பணியாளர் 186 பேர், புதிதாக வந்த முதுகு நோவோடு ஓர் ஆய்விற்கு உட்பட்டனர். சிலர்க்கு இரண்டு நாள் படுக்கை. சிலர்க்கு முதுகுப் பயிற்சி. எஞ்சியோர்க்கு, தாங்கக்கூடிய அளவில் வழக்கமான நடமாட்டம். மிக மெதுவாகத் தேறியவர்கள் படுத்தவர்கள். மிக நன்றாகத் தேறியவர்களோ, பயிற்சி செய்தவர்களல்லர், வழக்கம்போல் நடமாடியவர்களே.

படம் எடுத்துப் பார்த்து அஞ்சுவோரும் பலர். முதுகு நோவே இல்லாதவர்களின் முதுகுத்தண்டுப் படங்களைத் தொகுத்தாய்ந்த 2015ஆம் ஆண்டு ஆய்வொன்று, 20 வயதினரில் 37 விழுக்காட்டினர்க்கும் 80 வயதினரில் 96 விழுக்காட்டினர்க்கும் தட்டுத் தேய்வு இருப்பதாகக் காட்டியது. தலைமயிர் நரைப்பதுபோல் தட்டும் தேய்கிறது. 'தேய்ந்துவிட்டது' என்ற ஒரு சொல்லைக் கேட்டுக் குனிவதையே கைவிட்டவர்களுக்குத் தேய்வைவிட அச்சமே பெருந்தடையாகி விடுகிறது.

இனி நோவைப்பற்றி. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர், 1946 முதல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றித் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களைச் செம்மைசெய்தார். ஒரு தசைநாரை எடுத்து வேறோரிடத்தில் பொருத்தினால் மட்டும் போதாது. பழைய வேலையை மறந்து புது வேலையைச் செய்யுமாறு அதனைப் பழக்க வேண்டும். அதுவே இயன்முறை மருத்துவரின் பங்கு. தொழுநோயாளர் விரலிழப்பது பெரும்பாலும் நோவுணர்ச்சி அற்றுப்போவதால் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். சுடுவது தெரியாமல் கொதிகலத்தைப் பற்றும் கை எத்தனை நாள் நிலைக்கும்? நோவு ஒரு காவற்காரன்.

ஆனால் கள்வன் போன பின்னும் குரைக்கும் நாய் உண்டு. மெல்சாக், வால் என்னும் இருவர் 1965இல் வெளியிட்ட கொள்கைப்படி, காயத்திலிருந்து வரும் செய்தி தண்டுவடத்தில் ஒரு வாயிலைக் கடந்தே மூளையை அடைகிறது. முழங்காலை இடித்துக்கொண்ட குழந்தைக்குத் தாய் தேய்த்துவிடும்போது நோவு குறைவது, தொடுவுணர்ச்சி அவ்வாயிலை ஓரளவு அடைப்பதாலேயே. இக்கொள்கையின் நுட்பங்கள் பின்னர்த் திருத்தம் பெற்றன. தண்டுவடமும் மூளையும் நோவைக் கூட்டவும் குறைக்கவும் வல்லன என்பது நிலைத்தது. கவலையும் உறக்கக்கேடும் அதனைக் கூட்டுகின்றன. மாதக்கணக்கில் தொடர்ந்தால் நரம்புகளே கூருணர்வு பெற்று, காயம் ஆறிய பின்னும் நோவு நிற்கும். அது கற்பனை என்று சொல்வது பேதைமை.

தமிழாசிரியர் கருத்தூன்றத்தக்க செய்தி ஒன்றுண்டு. அதே மெல்சாக் 1975இல், நோயாளர் நோவைச் சொல்லும் 78 சொற்களை இருபது தொகுதியாக்கி ஒரு வினாத்தாள் வெளியிட்டார். சொல்லே நோயறியும் கருவியாயிற்று. தமிழில் இச்செல்வம் குறைவன்று. குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, எரிச்சல், பிடிப்பு, மதமதப்பு, விண்விண்ணென்று தெறித்தல், சுரீரென்று இழுத்தல். எரிச்சலும் சுரீரென்ற இழுப்பும் நரம்பை நோக்கி விரல்நீட்டும். காலையில் இறுக்கமாயிருந்து நடக்க நடக்க விடுவது மூட்டைக் காட்டும். மலேசியத் தமிழர் மருந்தகத்தில் 'சாக்கிட்' என்னும் ஒரே மலாய்ச் சொல்லால் எல்லாவற்றையும் முடித்துவிடுவர். மலாயிலும் மதமதப்புக்குக் 'கெபாஸ்' என்றும், கைகால் உளைச்சலுக்கு 'லெங்கோ' என்றும் தனிச்சொற்கள் உள. அவையும் வாய்க்கு வருவதில்லை. வீட்டிலும் பள்ளியிலும் வழங்காத சொல் நெருக்கடியில் எங்ஙனம் வரும்? 'வலிக்குது' என்பதற்குமேல் சொல்லத் தெரியாத சிறுவனின் நோயைக் கண்டறிய நாள் பிடிக்கும்.

சில குறிகள் தோன்றின் பயிற்சியை நினைக்கவே கூடாது. முதுகு நோவோடு சிறுநீர் இறங்காமை, தொடையிடுக்கு மரத்தல், கால் வலுவிழத்தல் ஆகியவை சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சலோடும் காரணமறியாத உடல்மெலிவோடும் வரும் நோவும் மருத்துவர் பார்க்கவேண்டியதே. வீங்கிய மூட்டை எண்ணெயிட்டு அழுத்தி உருவுவதும் தீங்கு. முறிவு இருந்தால் அது விலகிவிடும்.

மலேசியாவில் இயன்முறை மருத்துவர் 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின்கீழ் வருவர். உடல்நலம் சிதைந்த தொழிலாளர்க்காகப் பெர்க்கெசோ மலாக்காவில் மறுவாழ்வு நிலையமொன்றை 2014இல் திறந்தது. வேலைக்குச் செல்லும் வழியில் நேரும் விபத்தும் பெர்க்கெசோ காப்பில் அடங்கும் என்பது பலர்க்குத் தெரிவதில்லை.

தேர்ந்த இயன்முறை மருத்துவர் 'எங்கே நோகிறது?' என்பதோடு நில்லார். 'எதைச் செய்ய முடியவில்லை?' என்றும் கேட்பார். சம்மணமிட முடியவில்லை என்பார் ஒருவர். பின்னல் போடக் கை பின்னே போகவில்லை என்பார் ஒரு பெண். இரண்டாமவரிடம் அடுத்து வரும் கேள்வி பெரும்பாலும் இனிப்புநீரைப்பற்றியதாகவே இருக்கும். ஏனெனில் தோள்மூட்டு உறைந்துபோகும் நோய் நீரிழிவுடையாரை மிகுதியாகப் பற்றுவது. ஓராண்டு, ஈராண்டு, சிலர்க்கு அதனினும் நெடிது நிற்பது.