நின்றது எடையா, கணக்கா?

என் மேசை டிராயரில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெறும் வயிற்றோடு எடை மெஷினில் ஏறி, வருகிற எண்ணை அதில் எழுதிவைப்பேன். முதல் வரியில் 82 கிலோ. ஐந்து மாதம் கழித்து 74. அதன்பின் 74.2, 73.9, 74.1, 74 என்று ஒன்பது ஞாயிறு, எடை அதே இடத்தில் நின்றுவிட்டது.

நான் கும்பகோணம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். வயது 47. மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.3 என்று வந்தபோதுதான் எடையைக் குறைக்க ஆரம்பித்தேன். காலையில் 45 நிமிட நடை, நாலு இட்லிக்குப் பதில் இரண்டு, மதியம் ஒரு கப் சோறு. எதையும் நான் விடவில்லை. எடைதான் என்னை விட்டுவிட்டது போலிருந்தது.

ஆறாவது வாரம், ஜிம் நடத்தும் ஒருவரிடம் கேட்டேன். “ஒழுங்கா டயட்ல இருந்தா குறையாம எப்படி இருக்கும் மேடம்? எங்கயோ ஏமாத்துறீங்க” என்றார். அழுகை வந்தது. அந்த ரோஷத்தில் பத்து நாள் கஞ்சியும் வெள்ளரிக்காயுமாக இருந்தேன். பத்தாவது நாள், ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகையில் தேற்றம் எழுதிக்கொண்டிருக்கையில் கண் இருட்டியது. பிள்ளைகள்தான் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அந்தப் பத்து நாளில் குறைந்த ஒன்றரைக் கிலோ, சாதாரணமாகச் சாப்பிட ஆரம்பித்த ஒரே வாரத்தில் திரும்பி வந்தது.

பிறகுதான் டாக்டரிடம் போனேன். என் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். தைராய்டு பரிசோதனை எழுதினார். நான் சாப்பிடும் மாத்திரைகளை விசாரித்தார், சில மாத்திரைகளே எடையைக் கூட்டும் என்பதால். இரண்டிலும் குறை இல்லை. நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “டீச்சர், உங்க சமன்பாட்டுல ரெண்டு பக்கமும் சமமாயிடுச்சு, அவ்வளவுதான். எந்த எண் மாறுச்சுன்னு நீங்களே கண்டுபிடிங்க.”

கணக்கு டீச்சரிடம் இப்படிச் சொன்னால் விடுவேனா?

முதல் மாதத்தில் வேகமாக இறங்கியதில் ஒரு பங்கு தண்ணீர். நம் ஈரலும் தசையும் மாவுச்சத்தைச் சேமித்துவைக்கும்போது ஒவ்வொரு கிராமுக்கும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரையும் சேர்த்தே வைக்கின்றன. சாப்பாட்டைக் குறைத்ததும் அந்தச் சேமிப்பு கரைந்து தண்ணீரும் போய்விடுகிறது. எனவே நான் இழந்த எட்டில் ஆறு கிலோதான் கொழுப்பு என்று வைத்துக்கொண்டேன். ஒரு கிலோ உடல் கொழுப்புக்கு ஏறக்குறைய 7,700 கலோரி. ஆறு கிலோவை 150 நாளுக்கு வகுத்தால், ஒரு நாளைக்குச் சுமார் 300 கலோரி பற்றாக்குறை. அந்த 300 எங்கே போயிற்று?

முதல் விடை என் உடம்பிலேயே இருந்தது. 82 கிலோ உடம்பைச் சுமந்து நடப்பதற்கும் 74 கிலோவைச் சுமப்பதற்கும் ஒரே செலவு ஆகாது. சும்மா படுத்திருந்தாலும் சின்ன உடம்புக்குச் செலவு குறைவு. இதில் மட்டும் 120 கலோரியாவது போயிருக்கும். இதற்கு மேலும் உடம்பு சிக்கனம் பிடிக்கிறது. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தவர்களின் அன்றாடச் செலவு, எடைக் கணக்குப்படி குறைய வேண்டியதைவிடக் கூடுதலாகக் குறைவதை 1995-இல் நியூயார்க்கில் ருடால்ஃப் லைபெல் குழுவினர் அளந்து காட்டினார்கள். கொழுப்பு குறைந்தால் லெப்டின் என்ற ஹார்மோனும் குறைகிறது. மூளை அதைப் பஞ்சம் வந்ததாக எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டுகிறது, செலவைச் சுருக்குகிறது. பஞ்சங்களைத் தாண்டி வந்த உடம்புக்கு இது உயிர்காக்கும் புத்தி. அதைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது விடை போனில் கிடைத்தது. முன்பு ஒரு நாளைக்கு 8,500 அடி நடந்திருக்கிறேன்; இப்போது 6,000. காலை நடை அதேதான். ஆனால் மளிகைக்கடைக்கு வண்டியில் போக ஆரம்பித்திருந்தேன், வகுப்பில் உட்கார்ந்தே பாடம் நடத்தியிருந்தேன், மாடிக்குத் துணி காயப்போட மகளை அனுப்பியிருந்தேன். இதில் எதையும் நான் யோசித்துச் செய்யவில்லை. 1944-45-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்து ஆராய்ந்தார். அவர்களும் இப்படித்தான் சோர்ந்து, குளிரில் நடுங்கி, அசைவதையே குறைத்துக்கொண்டார்கள். எனக்கு இந்தக் கணக்கில் 70, 80 கலோரி.

மூன்றாவது விடை அடுப்படியில். நாலு பேர் உள்ள வீட்டில் தலைக்கு ஒரு நாளைக்கு 15 மில்லி எண்ணெய் என்பது என் கணக்கு. மாதத்துக்கு 1.8 லிட்டர் ஆகிறது. இரண்டு லிட்டர் கடலெண்ணெயைத் தனியாக எடுத்துவைத்து, டப்பாவின் மேல் தேதி எழுதி ஒட்டினேன். பதினெட்டாம் நாள் மாலை தோசைக்கு ஊற்றக் கவிழ்த்தால் சொட்டுத்தான் வந்தது. வகுத்துப் பார்த்தேன். தலைக்கு 28 மில்லி! ஆரம்பத்தில் டீஸ்பூனால் அளந்து ஊற்றிய கை, எப்போதோ கரண்டிக்கு மாறியிருக்கிறது. கூடுதல் 13 மில்லி எண்ணெய்க்கு நூறு கலோரிக்கு மேல்.

120, 80, 100. கூட்டினால் 300. உடம்பு இவ்வளவு துல்லியமாகக் கணக்குப் போடாது என்பது தெரியும். ஆனாலும் அன்றிரவுதான் பல நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த ஜிம்காரர் சொன்ன வார்த்தைக்கும் பதில் கிடைத்தது. குறைவாகச் சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்று வந்தவர்களை 1992-இல் நியூயார்க்கில் ஆராய்ந்தார்கள். சாப்பிட்டதில் ஏறக்குறைய பாதியைத்தான் அவர்கள் குறித்திருந்தார்கள். அதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். மிச்சம் வைத்த பிள்ளையின் தட்டு, ருசி பார்த்த பாயசம், கை பழகிய எண்ணெய் இவையெல்லாம் நமக்குச் சாப்பாடாகவே தெரிவதில்லை. எடை நின்றுபோனவரிடம் “ஏமாத்துறீங்க” என்று சொல்லாதீர்கள். கூட உட்கார்ந்து அளந்து கொடுங்கள்.

பிறகு நான் செய்தவை பெரிய வித்தைகள் இல்லை. எண்ணெய்க்கு மறுபடி டீஸ்பூன். சோற்றை மேலும் குறைக்காமல் சுண்டல், முட்டை, கெட்டியான பருப்பு சேர்த்தேன். புரதம் பசியைத் தாங்கும், எடை இறங்கும்போது தசை கரையாமல் காக்கும். வாரம் மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, ஐந்து லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கி இறக்குவது. வகுப்பில் நின்றே பாடம்.

நடுவில் இரண்டு வாரம், எடை கூடாத அளவுக்குத் தாராளமாகவே சாப்பிட்டேன். இரண்டு வாரம் டயட், இரண்டு வாரம் இடைவெளி என்று மாற்றி மாற்றி இருந்த ஆண்களுக்கு எடை கூடுதலாகக் குறைந்ததாக 2017-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. பின்னால் வந்த எல்லா ஆய்வும் அதே பலனைக் காட்டவில்லை. எனக்கு அந்த இரண்டு வாரம் மனசுக்குத் தெம்பு கொடுத்தது.

ஒன்று முக்கியம். ஒரு வாரம் எடை இறங்காவிட்டால் அது தேக்கம் ஆகாது. உப்பு, மாதவிலக்கு, மலச்சிக்கல் எதுவும் ஒரு கிலோவை ஏற்றி இறக்கும். நாலு வாரம் எடையும் இடுப்பளவும் அசையவில்லை என்றால் மட்டும் கணக்கைத் திறங்கள். பட்டினிக்கு மட்டும் போகாதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டில் கை வைக்கவே கூடாது.

இன்னொன்றையும் அந்த டாக்டர்தான் காட்டினார். எடை 74-இல் நின்றிருந்தபோதே என் சர்க்கரை அளவு 5.8-க்கு வந்திருந்தது. 82-இல் எட்டுக் கிலோ என்பது பத்தில் ஒரு பங்கு. அந்த அளவு குறைந்தாலே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சீராக வாய்ப்பு அதிகம். தோற்றுப்போன ஒன்பது வாரம் என்று நான் அழுத நாட்களில், திரும்ப ஏறாமல் எடையைப் பிடித்துவைத்திருந்திருக்கிறேன்.

நான்கு மாதத்தில் 71-க்கு வந்தேன். இப்போது மறுபடி நாலு வாரமாக 71. போன ஞாயிறு மெஷினிலிருந்து இறங்கியதும் மகள் கேட்டாள்: “என்னம்மா, மறுபடி நின்னுடுச்சா?”

“எண்ணெய் டப்பால என்ன தேதி போட்டிருக்குன்னு பாரு” என்றேன்.