விடையை உடனே சொல்லாத வாத்தியார் வேண்டும்

திண்டுக்கல் அளவுள்ள எந்த ஊரிலும் கடைத்தெரு மாடிகளில் இந்தப் பலகைகளைப் பார்க்கலாம்: அபாகஸ், வேதக் கணிதம், ஆறாம் வகுப்பிலிருந்தே ஐஐடி ஃபவுண்டேஷன். கணக்கில் எப்போதும் நூற்றுக்கு நூறு வாங்கும் பிள்ளையைப் பெற்றவர்கள் இவற்றில் எதில் சேர்ப்பது என்று குழம்புகிறார்கள். கடைசியில், பக்கத்து வீட்டுப் பிள்ளை போகும் இடமே முடிவாகிவிடுகிறது.

அபாகஸ் தருவது வேகம். ஃபவுண்டேஷன் வகுப்பு தருவது அடுத்த வருடப் பாடம். இரண்டிலும் தவறில்லை. ஆனால், வகுப்பில் ஏற்கெனவே கொட்டாவி விடும் பிள்ளைக்கு அடுத்த வருடப் பாடத்தை இப்போதே நடத்தினால், அடுத்த வருடமும் அது கொட்டாவிதான் விடும்.

பிள்ளைக்கு ஒரு கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். 3, 5, 2, 4 ஆகிய இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதினால் 5432, ஏறுவரிசையில் 2345. கழித்தால் 3087. அதையும் இப்படியே மாற்றி எழுதிக் கழித்தால் 8352. இன்னொரு முறை செய்தால் 6174. அதற்கப்புறம் எத்தனை முறை செய்தாலும் 6174தான். நான்கும் ஒரே இலக்கமாக இல்லாத எந்த நான்கிலக்க எண்ணும் ஏழு முறைக்குள் இங்கே வந்து நின்றுவிடும். நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகர், 1949இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் அறிவித்த விஷயம் இது.

வேகம் பழகிய பிள்ளை கழித்தல்களை நொடியில் முடித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும். கணக்குப் பித்துள்ள பிள்ளைக்கு வேலையே அப்போதுதான் தொடங்குகிறது. மூன்றிலக்கத்தில் 495 வருகிறதே, இரண்டிலக்கத்தில் மட்டும் ஏன் எங்கும் நிற்காமல் 09, 81, 63, 27, 45 என்று சுற்றுகிறது? கழித்து வருவதெல்லாம் ஏன் ஒன்பதால் வகுபடுகிறது? கடைசிக் கேள்விக்கு எட்டாம் வகுப்பு இயற்கணிதமே போதும். இலக்கங்களை எழுத்துகளாக்கி இடமதிப்பை எழுதிக் கழித்தால் 999, 90 என்ற இரண்டு பெருக்கெண்கள் மிஞ்சும். அதைப் பிள்ளையே கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும்.

இராமானுஜன் கதையில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. 1903 வாக்கில் கும்பகோணத்தில் அவர் கைக்குக் கிடைத்த கணித நூலை எழுதிய கார் என்பவர், லண்டனில் கேம்பிரிட்ஜ் தேர்வுக்கு மாணவர்களைத் தயார்செய்த டியூஷன் வாத்தியார். அதாவது, அந்த நூல் ஒரு தேர்வுக் கையேடு! ஆயிரக்கணக்கான சூத்திரங்கள் வரிசையாக இருக்கும், நிரூபணம் பேருக்குத்தான். ஒவ்வொன்றையும் தானே நிறுவிப் பார்க்க வேண்டியிருந்தது. அந்தக் குறைதான் பையனுக்கு வரமாயிற்று. அதே சமயம், மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் கல்லூரி உதவித்தொகை பறிபோனது, எஃப்.ஏ. தேர்விலும் தேறவில்லை. மேதை என்று மெச்சுகிறவர்கள் இந்தப் பகுதியைச் சட்டென்று தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஆகவே, வகுப்பில் சேர்க்கப் போகும்போது பாடத்திட்டத்தைக் கேட்க வேண்டாம். பிள்ளை ஒரு கணக்கில் அரை மணி நேரம் முட்டிக்கொண்டு நின்றால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். "உடனே போட்டுக் காட்டிவிடுவோம்" என்றால் பணத்தை மிச்சம் பிடித்துவிடலாம்.

போட்டித் தேர்வு வேண்டுமென்றால், 1965இல் தொடங்கிய இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் சென்னையிலிருந்து நடத்தும் கணிதத் திறன் போட்டி நல்ல தொடக்கம். ஐந்தாம் வகுப்பிலேயே எழுதலாம். எட்டாம் வகுப்பு முதல் ஒலிம்பியாட் தகுதித் தேர்வான ஐஓக்யூஎம் இருக்கிறது: மூன்று மணி நேரம், 30 கேள்விகள். அதற்கு அடுத்த கட்டமான வட்டார ஒலிம்பியாடில் அதே மூன்று மணி நேரத்துக்கு ஆறே கேள்விகள். விடை மட்டும் போதாது, முழு நிரூபணமும் எழுத வேண்டும். தேர்வை எழுதாவிட்டாலும் பழைய கேள்வித்தாள்களைப் போட்டுப் பார்க்கலாம்.

அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டு வரை படிப்பவர்களுக்கு 2022இல் வந்த அறிவியல், கணிதச் செயல்முறைத் திட்டமான வானவில் மன்றம் இருக்கிறது. அதற்கு மேல் கேட்கும் பிள்ளைக்குத் திண்டுக்கல்லில் ஒரு வழி உண்டு, யாரும் அவ்வளவாக யோசிப்பதில்லை. மதுரை சாலையில் காந்திகிராமப் பல்கலைக்கழகத்தில் கணிதத் துறை இருக்கிறது. முதுகலை படிக்கும் ஓர் அண்ணனோ அக்காவோ வாரம் ஒரு மாலை பிள்ளையோடு உட்கார்ந்து ஒரே ஒரு கணக்கைப் பற்றிப் பேசினால் போதும். பள்ளித் தலைமையாசிரியர் வழியாகவே பேராசிரியர்களிடம் கேட்கலாம்.