ரிட்டர்னுக்குப் பின்னால் ஒரு பிசாசு

முத்து அண்ணாமலை உருவாக்கி, 2009-இல் ஆய்வுக் கட்டுரையாகவும் வெளிவந்த 'எழில்' தமிழ் நிரல்மொழியில் 'பின்கொடு' என்றொரு சொல் உண்டு. அது வந்ததும் நிரல்பாகம் விடையைக் கொடுத்துவிட்டு மூட்டை கட்டிவிடும். அதற்குக் கீழே எத்தனை 'பதிப்பி' போட்டாலும் திரையில் ஒன்றும் விழாது. எழிலுக்கு அடியில் ஓடுவது பைத்தான். தன் மொழியில் எழுதிய நிரலில் இப்படி எட்டாத வரிகள் இருந்தால் பைத்தான் சும்மா விடாது, தேடிப்பிடித்துத் துடைத்துவிடும். வாங்க, அந்த வேட்டையை எட்டிப் பார்ப்போம்!

முதலில் நிரல் கட்டளைகளாகித் தொகுதி தொகுதியாக வெட்டப்படுகிறது. 'பின்கொடு'வின் பைத்தான் வடிவமான ரிட்டர்ன் வந்த இடத்தில் ஒரு தொகுதி முடியும். எந்தத் தொகுதியை எட்டலாம் என்று எப்படித் தெரியும்? சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டில் நிற்பதாக நினைத்து, வண்டி போகும் ஊர்களை டிக் அடியுங்கள்: கள்ளக்குறிச்சி, மூங்கில்துறைப்பட்டு, திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி போய் மலையேறினால் வெள்ளிமலை. டிக் விழாத ஊருக்கு வண்டியே இல்லை. பைத்தானின் சி மூலநிரலில் ஒரு பகுதி செய்வதும் இதே வேலைதான். தாவும் இடம், தானாகத் தொடரும் இடம், பிழை வந்தால் ஓடும் இடம் எல்லாவற்றுக்கும் குறி போடும். குறி விழாத தொகுதியா? கட்டளை எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கு, தீர்ந்தது கதை! பிறகு பைட்கோடை (பைத்தான் இயக்கும் கட்டளை வரிசையை) காட்டும் 'டிஸ்' போட்டுப் பார்த்தால், ரிட்டர்னுக்குக் கீழே எழுதிய பிரிண்ட் மாயம்.

இனிமேல்தான் கூத்து. ஒரு ஃபங்ஷனில் முதல் வரி ரிட்டர்ன், அடுத்த வரி மதிப்புகளை ஒவ்வொன்றாகத் தரும் யீல்ட். அந்த யீல்ட் ஓடவே ஓடாது, பைட்கோடிலும் இருக்காது. ஆனால் ஃபங்ஷனைக் கூப்பிட்டால், கேட்கக் கேட்க மதிப்பு தரும் ஒரு ஜெனரேட்டர் வந்து நிற்கும்! காரணம், வேட்டைக்கு முன்பே பெயர்களைக் குறித்துவைக்கும் சிம்பல் டேபிள் போட்டு முடித்தாகிவிட்டது. எட்டுமா எட்டாதா என்பதெல்லாம் அதற்குக் கவலையில்லை. யீல்ட் கண்ணில் பட்டால் 'ஜெனரேட்டர்' என்று முத்திரை குத்திவிடும். பெயர்களுக்கும் இதே கதைதான். ஒருபோதும் நிறைவேறாத 'இஃப் 0'-க்குள் 'விலை = 10' என்று எழுதிப் பாருங்கள். வரி அழிந்துபோகும், ஆனால் 'விலை' அந்த ஃபங்ஷனின் சொந்தப் பெயராகிவிடும். வெளியே அதே பெயரில் மதிப்பு இருந்தாலும், உள்ளே அதைக் கேட்டால் 'அன்பவுண்ட் லோக்கல் எரர்'தான்.

அழிந்த பிறகும் ஆட்டிவைக்கும் இந்த வரிப் பிசாசைக் கில்லாடிகள் வேலைக்கே வைத்துக்கொள்கிறார்கள். எதையும் தராத காலி ஜெனரேட்டர் வேண்டுமா? ரிட்டர்ன், கீழே யீல்ட், அவ்வளவுதான். புதிதாக வந்தவர் 'இது எதுக்கு இங்கே?' என்று அந்த யீல்டைத் தூக்கிவிட்டால், எங்கோ இருக்கும் ஒரு ஃபார் லூப் 'டைப் எரர்' என்று அலறும்.